‘பொதுமக்கள் மீட்டனர்’ என்று எழுதிவிடுவார்கள்: உயிர் காத்தவரின் பெயரை ஏட்டில் ஏற்ற ஒரு வழிகாட்டி

சேர்வராயன் மலையில் நான் கணக்கு எழுதும் காபித் தோட்டத்தில், சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கிய ஒரு மே மாதப் பிற்பகலில், இரண்டு பிள்ளைகள் பண்ணைக் குட்டையில் விழுந்தார்கள். பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஏழு. பக்கத்துப் பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள். சில்வர் ஓக் மரத்தில் நிழல் கவாத்து செய்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவர் தன் ஒற்றை மூங்கில் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குட்டைக்குள் ஏணியை இறக்கி, ஒரு காலைக் கணுவில் மாட்டிக்கொண்டு, பெண்ணின் சடையைப் பிடித்து இழுத்து மேலே தள்ளினார். பையன் நழுவிப் போய்விட்டான். ஏணியை விட்டுவிட்டு அவனைத் தேடி மறுபடியும் மறுபடியும் முங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது. கடைசியில் மேலே நின்றவர்கள் கயிறு போட்டு அவரையே இழுக்க வேண்டியிருந்தது. பையனை அரைமணி நேரம் கழித்துத்தான் எடுத்தோம்.

மறுநாள் நாளிதழில் நான்கு வரி வந்தது: ‘அப்பகுதி பொதுமக்கள் சிறுமியை உயிருடன் மீட்டனர்.’ முதல் தகவல் அறிக்கையிலும் ஏறக்குறைய அதே வாசகம். ஒரு மனிதர் செய்த காரியம் ஒரே இரவில் ஊர்ப் பொதுவாகிவிட்டது. அவர் பெயரை அரசு ஏட்டில் ஏற்ற எனக்குப் பதினொரு மாதம் ஆயிற்று. முறை தெரிந்திருந்தால் மூன்று மாதத்தில் முடித்திருக்கலாம். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருக்காக அலையப்போகிறவர் நீங்கள் என்றால், கீழே உள்ளதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. முதலில் செயலை எடைபோடுங்கள்

காப்பியத்துக்குத் ‘தன்னிகர் இல்லாத் தலைவன்’ வேண்டும் என்று தண்டியலங்காரம் இலக்கணம் வகுக்கிறது. சினிமாவும் அந்த வழியில்தான் போகிறது. கதாநாயகன் தண்ணீரில் குதிக்கும்போதே அவன் பிழைத்து வருவான் என்று நமக்குத் தெரியும். விருதுக் குழு தேடுவது வேறு ஆளை. கால் வழுக்கக்கூடியவர், பயம் உள்ளவர், வீட்டில் தன்னை நம்பி நான்கு பேர் இருப்பவர். இத்தனையும் தெரிந்தும் இறங்கினாரா? அதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி.

மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக்கத்தின் மூன்று நிலைகளைப் பார்த்தால் இது புரியும். காப்பாற்றியவரின் உயிருக்கு மிகப் பெரும் ஆபத்து இருந்தால் சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கம். பெரும் ஆபத்து என்றால் உத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கம். உடலுக்குக் கடுமையான காயம் நேரும் நிலை என்றால் ஜீவன் ரக்ஷா பதக்கம். எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்பது இதில் அளவுகோல் ஆகவில்லை. தனக்கு எவ்வளவு ஆபத்து என்பதே அளவுகோல். எங்கள் விஷயத்தில் ‘நீச்சல் தெரியாது’ என்ற இரண்டு சொற்கள்தாம் முழுக் கோப்பின் உயிர்நாடி. முதலில் எழுதிய மனுவில் அதை நான் குறிப்பிடவே இல்லை. அது அவருக்குக் குறை என்று நினைத்துவிட்டேன்.

ஆகவே உட்கார்ந்து இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். என்ன ஆபத்து? அது அவருக்கு அப்போதே தெரியுமா? ஒதுங்கி நிற்க அவருக்கு வழியிருந்ததா? அது அவருடைய பணிக் கடமையா? ராணுவம், காவல்துறை, தீயணைப்புத் துறையைச் சேர்ந்தவர்கள் பணியின்போது செய்தவை ஜீவன் ரக்ஷா பதக்கத்துக்குக் கணக்கில் வராது. விடுப்பில் இருந்தபோது செய்ததென்றால் விடுப்புச் சான்றை இணைக்க மறக்காதீர்கள்.

2. அவருடைய சம்மதம்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நான் குதித்தேன். அவரிடம் சொல்லாமலே ஒரு மனுவைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துக் கேட்டேன். வாங்கிப் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார். ‘ஒன்றைத்தானே எடுத்தேன். அந்தப் பையனின் அப்பா தினமும் என் எதிரில் வேலை செய்கிறார். நான் பதக்கம் குத்திக்கொண்டு அவர் முன்னால் எப்படி நடப்பேன்?’ என்றார். நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அதே பதில்.

அவர் மனத்தை மாற்றியவர் அந்தப் பெண்ணின் அப்பாயி. ஒரு நாள் மாலை அவரே நேரில் வந்து, ‘தம்பி, நீ வாங்கினால் வாங்கு, வாங்காவிட்டால் போ. என் பேத்தி வளர்ந்த பிறகு, யாரால் பிழைத்தாய் என்று கேட்டால், பொதுமக்களால் என்றா சொல்லும்? பெயர் எழுதின தாள் ஒன்று அவளுக்கு வேண்டும்’ என்றார். எங்கள் ஆள் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம், பையனின் அப்பா ஒப்புக்கொண்டால் தானும் ஒப்புக்கொள்வதாகச் சொன்னார்.

நடைமுறையில் இதற்கு மூன்று காரியங்கள். இறப்பும் சேர்ந்த நிகழ்ச்சி என்றால், கருமாதி முடியும்வரை அந்த வீட்டு வாசலில் காகிதத்தோடு போய் நிற்காதீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையை அவர்களிடம் கேட்காதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் எண் இருந்தால் உங்கள் வேலைக்குப் போதும். சம்மதத்தை வாய்மொழியாக விட்டுவிடாமல், ‘என் பெயரைப் பரிந்துரைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி எழுதி, தேதி போட்டுக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. எந்த விருது, எந்த மாதம்

எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பு உதவும். ஆனால் காலக்கெடு ஒவ்வொன்றுக்கும் வேறு.

ஜீவன் ரக்ஷா பதக்கம்: செயல் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பரிந்துரை போக வேண்டும். நீரில் மூழ்குதல், தீ, மின்சாரம், நிலச்சரிவு, விலங்குத் தாக்குதல், சுரங்க விபத்து எல்லாம் அடங்கும். காப்பாற்றப் போய் இறந்தவர்களுக்கும் உண்டு. பரிந்துரை மாநில அரசு வழியாகப் போவதால், மாவட்ட ஆட்சியர் அலுவலகமே உங்கள் வாசல். பதக்கம், உள்துறை அமைச்சர் கையொப்பமிட்ட சான்றிதழ், ஒருமுறைத் தொகை ஆகியவை தருவார்கள். இரண்டு ஆண்டு என்றதும் நிறைய நேரம் இருப்பதாக நினைக்க வேண்டாம். கிராமத்திலிருந்து கோட்டைவரை கோப்பு நடக்கும் நேரமும் அதற்குள்தான்.

வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம்: தமிழ்நாடு அரசு குடியரசு நாளில் வழங்குவது. பொதுமக்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் தனித்தனியே உண்டு. ஒரு லட்சம் ரூபாய், பதக்கம், சான்றிதழ். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் நடுவில் முடிந்துவிடும்.

கல்பனா சாவ்லா விருது: துணிவும் சாகசமும் காட்டிய பெண்களுக்கு, சுதந்திர நாளில். ஐந்து லட்சம் ரூபாய், பதக்கம், சான்றிதழ். அறிவிப்பு ஜூன் மாதவாக்கில் நாளிதழில் வரும். 2020ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில், கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இளைஞர்களைக் கரையேற்றினார்களே மூன்று பெண்கள், அவர்களுக்கு இந்த விருது கிடைத்தது. நால்வர் மூழ்கியதில் இருவரைத்தான் அவர்களால் காப்பாற்ற முடிந்தது. எங்கள் ஆளிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. காப்பாற்ற முடியாமல் போனவர்கள் இருப்பதால் செயல் சிறுத்துவிடாது என்பதற்கு நான் காட்டக்கூடிய சான்று அதுவாக இருந்தது.

அண்ணா பதக்கம், கல்பனா சாவ்லா விருது இரண்டுக்கும் தமிழ்நாடு அரசின் விருதுகள் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஐயம் இருந்தால் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்தில் கேளுங்கள். கடைசித் தேதி ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

காப்பாற்றியவர் சிறுவர் என்றால், 5 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கான பிரதம மந்திரி ராஷ்ட்ரீய பால் புரஸ்காரில் வீரத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

சாலை விபத்து என்றால் வழியே வேறு. ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே வண்டி கவிழ்ந்து கிடப்பவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்த்தவருக்கு ‘ராஹ்வீர்’ திட்டத்தில் 25,000 ரூபாய் உண்டு. காவல் நிலையம் தரும் ஒப்புதல் கடிதம்தான் அதற்கு அடிப்படை; அதைக் கேட்டு வாங்குங்கள். காப்பாற்றியவரை வழக்கில் இழுக்கக்கூடாது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. போலீஸ் என்றால் அலைக்கழிப்பார்கள் என்று பயந்து ஒதுங்குகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

4. பெயர் இருக்கும் காகிதத்தைத் தேடுங்கள்

பெரும்பாலான கோப்புகள் தோற்பது இங்கேதான்.

முதல் தகவல் அறிக்கை: இறப்பு நேர்ந்திருந்தால் பி.என்.எஸ்.எஸ். என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்கீழ் (பழைய சட்டத்தில் 174) பதிவாகியிருக்கும். காவல்துறை இணையதளத்திலேயே நகல் பார்க்கலாம். அதில் ‘பொதுமக்கள்’ என்று இருந்தால் திருத்தச் சொல்லி நடையாய் நடக்காதீர்கள். பதிவானதை யாராலும் திருத்த முடியாது. விசாரணை முடியும் முன்பாகச் சாட்சிகளை அழைத்துப்போய் வாக்குமூலம் பதியச் செய்யுங்கள். பெயர் அதில் ஏறும். யாரும் இறக்காத நிகழ்ச்சி என்றால் வழக்கே இருக்காது. அப்போது நடந்ததை எழுதிக் காவல் நிலையத்தில் மனுவாகக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். அதே வாரத்தில் வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போனால், இப்போது எதற்கு என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான்.

மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு: ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் ‘அழைத்து வந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே யார் பெயர் எழுதப்படுகிறது என்று அந்தப் பதற்றத்தில் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் தாளில் ஆம்புலன்ஸ் ஊழியரின் பெயர் இருக்கிறது.

காப்பாற்றியவரின் காயம்: எங்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இது. அந்தக் குட்டை பிளாஸ்டிக் விரிப்புப் போட்டது. படி கிடையாது, பிடிக்க ஒரு வேர்கூடக் கிடையாது. பாசி படிந்த விரிப்பில் விரல்களை ஊன்றி ஏறப் பார்த்து, அவருடைய வலது கையில் மூன்று நகங்கள் பெயர்ந்துவிட்டன. ஏணிக் கணு கிழித்துக் கணுக்காலில் ஆழமான வெட்டு. அவர் வீட்டுக்குப் போய் மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். காயத்துக்கு ஒரு ஓ.பி. சீட்டுகூட இல்லை. தழும்பைப் படம் எடுத்து வைத்தேன். ஆனால் தழும்பில் தேதி இருக்காது. உங்கள் ஊரில் நடந்தால், சிராய்ப்பு என்றாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், ‘இன்னாரைக் காப்பாற்றும்போது ஏற்பட்ட காயம்’ என்று சொல்லிச் சீட்டு வாங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

இடத்தின் படங்கள்: குட்டையோ கிணறோ, சில வாரங்களில் வேலி போட்டுவிடுவார்கள் அல்லது மூடிவிடுவார்கள். அதற்குள் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கல் கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் அளந்து, கயிற்றைத் தரையில் நீட்டி, டேப் வைத்து ஒரு படம். நாங்கள் அளந்தபோது ஆழம் பன்னிரண்டு அடி, தண்ணீர் ஒன்பது அடி.

நாளிதழ்: செய்தியை மட்டும் கத்தரித்து வைக்காதீர்கள். தேதியும் இதழின் பெயரும் தெரியும்படி முழுப் பக்கமும் வேண்டும்.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பாஸ்போர்ட் அளவுப் படம்: நான்கிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். எங்கள் ஆளின் தலைப்பெழுத்து ஆதாரில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று. அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் போயிற்று.

கிராம நிர்வாக அலுவலர் சான்று: நிகழ்ச்சி நடந்தது உண்மை, இன்னார் இன்ன ஊர்க்காரர், இந்தச் செயலைச் செய்தார் என்று ஒரு கடிதம். வட்டாட்சியர் அறிக்கை கேட்கும்போது இதுதான் முதலில் தேடப்படும்.

5. சாட்சிகள்

மூன்று பேர் போதும். பத்துப் பேரிடம் ஒரே வாசகத்தில் கையொப்பம் வாங்கினால் அது ஊர் மனுவாகிவிடும், சாட்சியம் ஆகாது. ஒவ்வொருவரும் தான் நின்ற இடத்திலிருந்து தான் கண்டதை மட்டும் சொல்லட்டும். எங்கே நின்றார், எவ்வளவு தூரம், என்ன பார்த்தார், என்ன கேட்டார். ஆதார் நகலும் தொலைபேசி எண்ணும் இணைக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் எழுதியதைப் படித்துக் காட்டி, படித்துக் காட்டப்பட்டது என்று கீழே குறிப்பிட்டு, கைரேகை பெறுங்கள்.

பையனின் அப்பாவிடம் நான் இரண்டு மாதம் போகவே இல்லை. அவராகவே ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது, ‘கணக்குப்பிள்ளை, என் வாக்குமூலம் வேண்டாமா?’ என்று கேட்டார். அவர்தான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதில் ஒரு வரி: ‘கயிறு போட்ட பிறகும் அவர் கயிற்றைப் பிடிக்கவில்லை; இன்னொரு முறை முங்கினார்; நாங்கள் கத்தினோம்.’ என் மூன்று பக்க மனுவைவிட இந்த ஒரு வரி அதிக வேலை செய்தது. தப்பித்துக்கொள்ள வழி கைக்கு எட்டிய பிறகும் அவர் மீண்டும் இறங்கினார் என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

6. செயலை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எல்லா விண்ணப்பத்திலும் செயல் விவரம் கேட்பார்கள். என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘தன்னுயிரைத் துச்சமென மதித்து, சிங்கம்போல் சீறிப் பாய்ந்து...’ அதைப் படித்த அனுபவசாலி ஒருவர் பேனாவை எடுத்து ‘பாய்ந்து’ என்பதன் கீழே கோடு போட்டு, ‘பாய்ந்தாரா, ஏணியில் இறங்கினாரா?’ என்று கேட்டார். இறங்கினார் என்றேன். ‘அப்படியென்றால் இறங்கினார் என்று எழுதுங்கள். சிங்கத்தை யாராலும் விசாரிக்க முடியாது’ என்றார்.

எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் நடுகற்களைப் பாருங்கள். சேலத்திலிருந்து தருமபுரி பஸ்ஸில் ஏறினால் அங்குள்ள அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கருந்தேவக்கத்தி என்பவனுக்கு ஒரு கல் இருக்கிறது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு (மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காவது), யாருடைய ஆள், அவன் பெயர், எதைக் காக்கப்போய் இறந்தான் (எருமைகளை) என்று வரிசையாகச் சொல்லி நிறுத்திவிடுகிறது. கூடவே, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். நாள், இடம், ஆள், செயல், விளைவு. விருது விண்ணப்பத்தின் கட்டங்களும் ஏறக்குறைய இவைதாம். அந்தக் காலத்தில் ஒரு நாய்க்குக் கிடைத்த பெயர்கூட எங்கள் தோட்டத்து மனிதருக்குச் செய்தித்தாளில் கிடைக்கவில்லை என்று அன்று எனக்கு மனம் மிகவும் கசந்தது.

கடைசியாக நான் கொடுத்த விவரத்தின் ஒரு பகுதியை மாதிரிக்குத் தருகிறேன்:

‘14ஆம் தேதி பிற்பகல் சுமார் 3.40 மணி. குட்டையின் ஆழம் 12 அடி. தண்ணீர் 9 அடி. நான்கு புறமும் பிளாஸ்டிக் விரிப்பு, படி இல்லை. இவருக்கு நீச்சல் தெரியாது. சுமார் 60 அடி தூரத்தில் மரத்தில் இருந்தவர், அலறல் கேட்டு இறங்கி, தன் ஏணியுடன் ஓடி வந்து, அதைக் குட்டைக்குள் இறக்கி, அதன் வழியே நீரில் இறங்கினார். சிறுமியைத் தலைமுடியைப் பிடித்து மீட்டு மேலே இருந்தவர்களிடம் கொடுத்தார். சிறுவனைத் தேடி ஏணியை விட்டு இருமுறை மூழ்கினார். கயிறு வீசப்பட்ட பின்பும் ஒருமுறை மூழ்கினார். சிறுவனைக் காப்பாற்ற முடியவில்லை.’

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். எடுக்காதீர்கள். முதல் தகவல் அறிக்கை ஒன்று சொல்ல, உங்கள் விவரம் வேறொன்று சொன்னால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். எங்கள் ஊர்ச் சுவரொட்டி ஒன்றில் ஆர்வக்கோளாறில் ‘மூன்று குழந்தைகளை மீட்ட’ என்று அச்சடித்துவிட்டார்கள். அதைக் கிழிக்கச் சொல்லி நானே போய் நின்றேன். ஒரு எண் பொய்யானால் மற்ற எல்லாமே ஐயத்துக்கு உள்ளாகும்.

7. கோப்பைக் கொடுப்பதும் செலவும்

திங்கட்கிழமை காலை சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். மனுவைப் பதிந்து எண் தருவார்கள். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கினால் வரிசையில் முன்னால் நிற்கலாம். கோப்பு மூன்று தொகுதியாகப் போகட்டும்: ஒன்று ஆட்சியருக்கு, ஒன்று வட்டாட்சியருக்கு, ஒன்று உங்கள் கையில். உங்கள் தொகுதியின் முதல் பக்கத்தில் தேதியுடன் முத்திரை வாங்காமல் மேசையை விட்டு நகராதீர்கள்.

மூலப் பிரதி எதையும் கொடுக்காதீர்கள். ஓர் அலுவலகத்தில் நான் கிராம நிர்வாக அலுவலர் சான்றின் மூலத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு மாதம் கழித்துப் போனபோது அந்தச் சான்று கோப்பில் இல்லை என்றார்கள். மறுபடியும் அதை வாங்க ஆறு வாரம்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு ஆன செலவு பதினொரு மாதத்தில் சுமார் 2,900 ரூபாய்: பாதிக்கு மேல் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும், மீதி நகல், தட்டச்சு, படம், நோட்டரி ஆகியவற்றுக்கு. அவருக்கு மூன்று நாள் கூலி போயிற்று. அவர் நேரில் வரத் தேவையில்லாத வேலைகளுக்கு அவரை இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். கூலிக்காரருக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் சோறு.

இரண்டு வகை ஆட்களிடம் எச்சரிக்கை. மேலிடத்தில் சொல்லிப் பதக்கம் வாங்கித் தருகிறேன், ஐயாயிரம் கொடு என்பவர்கள் முதல் வகை. அடுத்த வகை, தொலைபேசியில் அழைத்து, உங்களை ‘மாமனிதர் விருதுக்கு’ தேர்ந்தெடுத்திருக்கிறோம், மண்டபச் செலவுக்கு இவ்வளவு கட்டுங்கள் என்பவர்கள். காசு கொடுத்து வாங்கும் கேடயத்தை அவர் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டால், பின்னால் உண்மையான விசாரணைக்கு வருகிற அதிகாரி அதைத்தான் முதலில் பார்ப்பார்.

8. கொடுத்த பிறகு

மனு எண் ஒன்று, கோப்புக்கு அலுவலகம் தரும் ந.க. எண் ஒன்று. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். எந்த மேசைக்குப் போனாலும் அதைச் சொன்னால்தான் தேடுவார்கள். மாதம் ஒரு முறை போய்க் கேளுங்கள். இரண்டு மாதம் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்டால் பதில் வராது. ‘இந்த ந.க. எண் கோப்பு இன்றைய தேதியில் எந்தப் பிரிவில் இருக்கிறது, எந்தெந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று கேளுங்கள். எங்கள் கோப்பு நகர்ந்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்து விசாரணைக்கு வருவார்கள். வருவாய்த் துறையிலிருந்தும் காவல் துறையிலிருந்தும் தனித்தனியே வரலாம். சாட்சிகள் ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காப்பாற்றியவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லுங்கள். மறந்துபோனதை மறந்துவிட்டது என்று சொன்னால் தவறில்லை.

எங்கள் ஆளை விசாரித்தது அந்தக் குட்டையின் கரையிலேயே. இப்போது அங்கே கம்பி வேலி இருக்கிறது. எங்கே நின்றீர்கள், எப்படி இறங்கினீர்கள் என்று அதிகாரி கேட்கக் கேட்க, அவர் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தே காட்டினார். எத்தனை பேரைக் காப்பாற்றினீர்கள் என்ற கேள்விக்கு ஒருவரை என்று சொல்லிப் பெண்ணின் பெயரைச் சொன்னார். பிறகு பையனின் பெயரையும் அவன் அப்பா பெயரையும் சொல்லி, அதையும் எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

விசாரணை அறிக்கை மேலே போன தேதியையும் அனுப்புகை எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சேலம் இறங்கும்போது முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணைச் சொல்லித்தான்.